அல்லிக்கு ஓர் இரண்டாம் பாகம்

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சண்டைப் படங்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். அதிலும் குறிப்பாக, பெண் ஒருத்தி கதையின் நடுவில் நின்று அடித்து ஆடும் படங்கள். இன்னும் குறிப்பாக, அப்படிப்பட்ட படங்களின் இரண்டாம் பாகங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு சமூகம் யாருடைய வீரத்தை ஒருநாள் கூத்தாகப் பார்க்கிறது, யாருடைய வீரத்தை நிரந்தரமான குணமாக ஏற்கிறது என்பதை இரண்டாம் பாகங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் படங்களையே எடுத்துக்கொள்வோம். ‘சிங்கம்’ படத்தின் துரைசிங்கம் 2010இல் வந்தார், 2013இல் வந்தார், 2017இல் மறுபடி வந்தார். ‘சாமி’ படத்தின் ஆறுச்சாமி 2003இல் வந்தார். பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பெயரை வைத்தே ‘சாமி ஸ்கொயர்’ வந்தது. ‘சண்டக்கோழி’க்கு 2018இல் இரண்டாம் பாகம். ‘விஸ்வரூப’த்துக்கும் அதே ஆண்டில் இரண்டாம் பாகம். இப்போது உங்களைக் கேட்கிறேன். சண்டைக்காரியாகவே வந்து, ஜெயித்து, அதே பெயரோடும் அதே திமிரோடும் தமிழில் இரண்டாம் முறை வந்த கதாநாயகி யார்? விரலை மடக்கத் தொடங்கினால் முதல் விரலிலேயே நின்றுவிடுகிறோம்.

நடிகைகளுக்குத் திறமை இல்லையா? பார்க்க ஆள் இல்லையா? இரண்டுமே காரணமில்லை என்பது என் கருத்து. முதல் படத்திலேயே அவளுக்கு என்ன கொடுக்கிறோம், எதைக் கொடுக்காமல் விடுகிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. அதைச் சொல்ல, சினிமாவுக்கும் முந்தைய ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்த கதைதான், அல்லி அரசாணி மாலை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்தக் கதைப்பாடல், பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தை சந்தையாக விற்றது. அல்லி பாண்டிய நாட்டின் அரசி. பறிபோன நாட்டைப் போரிட்டு மீட்டவள். அவள் அரண்மனையில் மந்திரியும் பெண், படையும் பெண், காவலும் பெண். எந்த ஆணுக்கும் பணியாதவள். அவளை வெல்ல அர்ச்சுனனால் நேர்நின்று முடியவில்லை. கண்ணனின் துணையோடு சூழ்ச்சி செய்து, அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். முதல் பாகம் அங்கே ஏறக்குறைய முடிகிறது.

இதற்குத் தொடர்ச்சி உண்டு. அதுதான் பவளக்கொடி மாலை. அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்கிறான். பவளம் தேடிப் போன அர்ச்சுனன், பவளக்கொடி என்ற இன்னொரு அரசியைக் கண்டு மயங்குகிறான். தொடர்ச்சியில் அல்லி யார்? புலந்திரனுக்குத் தாய், சக்களத்தி வந்த வீட்டின் மூத்தாள். வாளும் பெண்படையும் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. 1934இல் எம்.கே.தியாகராஜ பாகவதரை நாடெங்கும் அறிமுகப்படுத்திய படம் இந்தப் ‘பவளக்கொடி’தான். ஆக, நம்மிடம் சண்டையிடும் பெண்ணின் இரண்டாம் பாகம் முன்பே இருந்தது. அதில் அவள் வீரம் கதையின் மையத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அச்சை மனத்தில் வைத்துக்கொண்டு சினிமாவுக்குள் வருவோம்.

1935இல் பம்பாயில் ‘ஹண்டர்வாலி’ வெளிவந்தது. ஹோமி வாடியா இயக்கிய படம். கதாநாயகி நாடியா, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பிறந்தவர். முகமூடி, சாட்டை, குதிரை. ஓடும் வாகனங்களின் மேல் ஏறிச் சண்டையிட்டார். பெண்ணொருத்தி இப்படி அடிப்பதை யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் தயங்க, வாடியா சகோதரர்கள் தாங்களே வெளியிட்டார்கள். படம் வாரக்கணக்கில் ஓடியது. இரண்டே ஆண்டில் தமிழிலும் எதிரொலி கேட்டது. 1937இல் கே.அமர்நாத் இயக்கத்தில் ‘மின்னல் கொடி’. கே.டி.ருக்மணி ஆண் வேடமணிந்து, இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரியாக வந்தார். பேசும் படம் தமிழுக்கு வந்து ஆறே ஆண்டுதான் ஆகியிருந்தது. இதை நாம் மறந்துவிட்டோம். பெண் சண்டையிடுவது நேற்று வந்த பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

‘ஹண்டர்வாலி’க்கு 1943இல் தொடர்ச்சி வந்தது. பெயர் ‘ஹண்டர்வாலி கி பேட்டி’, ஹண்டர்வாலியின் மகள். மகளாக நடித்ததும் நாடியாவேதான். இந்தியாவில் வந்த முதல் இரண்டாம் பாகங்களில் ஒன்று, சாட்டை பிடித்த ஒரு பெண்ணின் கதை. ஆணின் துணையாக அவளைக் குறுக்காமல், சாட்டையை மகள் கையில் கொடுத்தார்கள். அது சரியான வழி. அந்த வழியில் நாம் தொடர்ந்து நடக்கவில்லை.

கடல் கடந்து ஹாங்காங்குக்குப் போனால், அவளைக் குறுக்கும் வழி, தொடரவிடும் வழி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1966இல் கிங் ஹூ எடுத்த படம் ‘கம் ட்ரிங்க் வித் மீ’. செங் பெய்-பெய் நடித்த பெண்ணுக்குப் பெயர் பொன் தகைவிலான். அந்தச் சத்திரக் காட்சியைத் தேடிப் பாருங்கள். அவள் மேசையருகே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கொள்ளைக்கூட்டம் ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஒவ்வொரு மேசையாகப் பிடித்து, மெல்ல அவளைச் சூழ்கிறது. அவள் அவசரப்படுவதில்லை. முகத்தில் கோபம் இல்லை. நெடுநேரம் யாரும் யாரையும் தொடுவதில்லை. பார்வையிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. பிறகு அவள் கை அசைகிறது, அளந்து அசைகிறது. செங் பெய்-பெய் பாலே கற்ற நடனக்காரி. சண்டை என்பது தாளம் என்று புரிந்துகொண்ட இயக்குநரும், உடம்பில் தாளம் இருந்த நடிகையும் சேர்ந்து செய்த காட்சி அது.

அதன் தொடர்ச்சி 1968இல் வந்தது. இயக்குநர் மாறினார், சாங் செ எடுத்தார். படத்தின் பெயரே ‘கோல்டன் ஸ்வாலோ’, அவளுடைய பெயர். ஆனால் கதை முழுக்க ஜிம்மி வாங் யூ நடித்த வெள்ளுடை வீரனுடையது. அவன் இரத்தம், அவன் காதல், அவன் சாவு. பெயர் பலகையில் மட்டும் அவள். நான் முதலில் சொன்ன பவளக்கொடி மாலையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கடல் வேறு, மொழி வேறு, அச்சு ஒன்றுதான்.

இரண்டாவது வழி 1985இல் திறந்தது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ, ‘யெஸ், மேடம்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக வந்தார். அவரும் நடனம் படித்தவர். கூடவே நடித்த சிந்தியா ராத்ராக் தற்காப்புக் கலைப் போட்டிகளில் வென்று வந்தவர். அடுத்த ஆண்டே ‘ராயல் வாரியர்ஸ்’. திருமணத்துக்குப் பிறகு யோ சினிமாவை விட்டு விலகியபோதும் அந்த வரிசை நிற்கவில்லை. சிந்தியா கான் என்ற இன்னொரு நடிகை அதே காக்கியைப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். 1992இல் யோ திரும்பி வந்து ஜாக்கி சானின் ‘போலீஸ் ஸ்டோரி 3’ படத்தில் இன்ஸ்பெக்டர் யாங் ஆக நடித்தார். பக்கத்துணையாக வந்த பாத்திரம். ஆனால் அடுத்த ஆண்டே அந்த யாங்கை நாயகியாக வைத்துத் தனிப் படம் எடுத்தார்கள். ஏன் முடிந்தது? அவளுக்கு ஒரு வேலை இருந்தது. நாளைக்கும் குற்றம் நடக்கும், நாளைக்கும் அவள் டூட்டிக்குப் போவாள்.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. நம் ஊரில் ஆண் நாயகனுக்கு நாம் வேலை கொடுக்கிறோம். பெண் நாயகிக்குக் காயம் கொடுக்கிறோம்.

துரைசிங்கம் ஏன் சண்டையிடுகிறார்? அவர் போலீஸ். நல்லூரில் இருந்தாலும் சென்னைக்கு மாற்றலாகி வந்தாலும் சண்டையிடுவார், தூத்துக்குடியில் என்.சி.சி. அதிகாரியாக ஒளிந்திருந்தாலும் சண்டையிடுவார். ஆந்திராவுக்கு அனுப்பினாலும் சண்டையிடுவார். அடுத்த பாகத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர் போதும். பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கம்பைக் கையில் எடுக்க வேண்டுமானால் முதலில் புருஷன் சாக வேண்டும், அல்லது தங்கை சீரழிய வேண்டும், அல்லது அவளுக்கே கொடுமை நடக்க வேண்டும். இடைவேளை வரை அழுகிறாள், அதற்குப் பிறகு அடிக்கிறாள், கடைசியில் பழி தீர்கிறது. காயம் தீர்ந்தால் கதை தீர்ந்தது. இரண்டாம் பாகம் எடுக்க வேண்டுமானால் மறுபடி ஒருமுறை அவள் குடும்பத்தை அழிக்க வேண்டும். அதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

வேலை கொடுத்தவர்களும் உண்டு. 1990இல் மோகன காந்தி இயக்கத்தில் தெலுங்கில் ‘கர்தவ்யம்’ வந்தது. தமிழில் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்று பெயர். கிரண் பேடியை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம். விஜயசாந்திக்குத் தேசிய விருது கிடைத்தது. டப்பிங் படம் என்று யாரும் ஒதுக்கவில்லை; தமிழ்நாட்டில் ஊர் ஊராக ஓடியது. அந்தக் காலத்தில் போலீசில் சேர்ந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் படத்தின் பெயரைச் சொல்பவர்கள் இருப்பார்கள்.

அடுத்து என்ன நடந்தது? இரண்டாம் பாகம் வரவில்லை. இரண்டே ஆண்டில், 1992 பொங்கலுக்கு ‘மன்னன்’ வந்தது. அதே விஜயசாந்தி, இம்முறை தொழிற்சாலையின் முதலாளி சாந்தி தேவி. கெட்டிக்காரி, தொழிலை நடத்தத் தெரிந்தவள். படத்தின் முழு வேலையும் அவள் தலையைக் குனிய வைப்பதுதான். கடைசியில் தொழிற்சாலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன் என்கிறாள். அரங்கம் கைதட்டியது. 1964இலிருந்து தொழிற்பேட்டை இருக்கிற ஊர் நம் அம்பத்தூர். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இருப்பது தமிழ்நாட்டில். அவர்களும் அந்தப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள்தான். அந்தக் கைதட்டல் யாருக்கு எதிரானது என்று இன்றைக்காவது நாம் யோசிக்க வேண்டும்.

வைஜெயந்தி 35 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். 2025இல் வந்த தெலுங்குப் படத்தில் விஜயசாந்தி மறுபடியும் வைஜெயந்தி என்ற ஐ.பி.எஸ். அதிகாரி. படத்தின் பெயர் ‘அர்ஜுன் சன் ஆஃப் வைஜெயந்தி’. நாயகன் அவருடைய மகன். அல்லி புலந்திரனின் தாயான கதை அப்படியே திரும்பி வந்தது.

இதற்கு மாறாக, இந்தியில் ராணி முகர்ஜி நடித்த ‘மர்தானி’யைப் பாருங்கள். சிவானி சிவாஜி ராய் என்ற போலீஸ் அதிகாரி. 2014இல் முதல் படம், 2019இல் இரண்டாம் படம், பிறகு மூன்றாவதும் எடுத்தார்கள். இயக்குநர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. கல்யாணமான, நடுவயதை நெருங்கும் பெண். வழக்கு மாறுகிறது, பதவி உயர்கிறது, அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். வேலை கொடுத்தால் இரண்டாம் பாகம் வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று இது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். அம்பத்தூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடி, திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு வரும். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அங்கேதான். சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடிய தலம். காளி ஈடுகொடுத்து ஆடினாள்; சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கியதும் நாணம் தடுக்க, நின்றுவிட்டாள் என்பது தலபுராணம். அவளுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. பெண்ணுக்கு வகுத்த வரம்பு அவளைத் தோற்கடித்தது.

பக்கத்து ஊர் பழையனூர். கணவன் கையால் கொல்லப்பட்டு, பேயாய் வந்து பழிதீர்த்த நீலியின் கதை அந்த ஊர்க்கதை. அவள் பழிவாங்கியவனின் உயிருக்குப் பிணை நின்று, கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கிய வேளாளர் எழுபது பேரை ஊர் போற்றுகிறது. நீலியின் பெயரோ பொய்யழுகைக்கு உவமையானது. பழி தீர்ந்தது, அவள் கதையும் தீர்ந்தது.

நாகர்கோவில் பக்கத்தில் இன்னொரு நீலி உண்டு, கள்ளியங்காட்டு நீலி. அவளை எடுத்துத்தான் மலையாளத்தில் டொமினிக் அருண் 2025 ஆகஸ்டில் ‘லோகா’வின் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. பழிவாங்கும் யட்சியை, நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்ந்து, இன்றைய பெங்களூரில் ஆபத்தில் இருப்பவருக்குத் துணை நிற்கும் சந்திராவாக மாற்றினார்கள். அவள் காயம் கதைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் கடமை முன்னால் வந்துவிட்டது. உலகெங்கும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். அதுவரை எந்த மலையாளப் படமும் தொடாத உயரம். பெண் அடித்தால் யார் பார்ப்பார்கள் என்று 1935இல் விநியோகஸ்தர்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தின் அறிவிப்பு வந்தபோது மையத்தில் நின்றது டொவினோ தாமஸின் சாத்தன். சந்திராவுக்கும் அதில் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பொன் தகைவிலானுக்கு நேர்ந்தது அவளுக்கு நேரக்கூடாது.

தமிழில் என்ன குறை? 2022இல் ‘விக்ரம்’ வந்தபோது அரங்கத்தில் அதிகம் விசில் பறந்த இடங்களில் ஒன்று, வீட்டு வேலை செய்யும் அம்மா சட்டென்று ஏஜென்ட் டீனாவாக மாறும் இடம். நடித்தவர் வசந்தி. பல ஆண்டுகளாகப் பாட்டுக் காட்சிகளில் பின்வரிசையில் ஆடியும், நடன இயக்குநர்களுக்கு உதவியாக இருந்தும் உழைத்தவர். நாயகியின் அழகு இலக்கணம், வயது, எதுவும் அங்கே குறுக்கே வரவில்லை. சமையலறையில் கைக்குக் கிடைத்ததை வைத்து அவர் ஆடிய சண்டையை ஊரே கொண்டாடியது. அதே காட்சியில் டீனாவைக் கொன்றுவிட்டார்கள். டீனா எப்படி ஏஜென்ட் ஆனாள், யாரிடம் பயின்றாள், எத்தனை வீடுகளில் இப்படிக் காவல் இருந்தாள்? ஒரு முழுப்படத்துக்கான கதை நான்கு நிமிடத்தில் முடிந்துபோனது.

செங் பெய்-பெய், மிஷெல் யோ, வசந்தி மூவரும் நடனத்திலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அரைமண்டியில் உட்கார்ந்து அடவு பழகிய கால், சிலம்பத்தின் காலடி வரிசைக்கு எளிதில் பழகும். ஆடத் தெரிந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமா? கம்பு சுற்றத் தெரிந்த பெண்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. விடியற்காலையில் ஆவடிப் பக்கம் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சலாம் வரிசை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் சீராக வந்தால் வீச்சு சரி, விட்டுவிட்டு வந்தால் மணிக்கட்டு தளர்ந்துவிட்டது என்று ஆசான் முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டியின் சின்னமே வேலு நாச்சியார்தான்.

படம் எடுக்கும் இடமும் தூரத்தில் இல்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. எத்தனையோ பெரிய படங்களுக்கு அங்கே செட் போட்டிருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் அங்கே கிரேன் சாய்ந்து திரைத் தொழிலாளர்கள் மூன்று பேர் உயிரிழந்ததையும் நாம் மறக்கக்கூடாது. திரையில் தெரியும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு தொழிலாளியின் உடம்பு இருக்கிறது. அந்தத் தொழிலில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவு. நாயகி மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால், ஒல்லியான ஓர் ஆண் ஃபைட்டருக்கு விக் மாட்டி டூப் போடுவது நீண்ட நாள் வழக்கம். ஆஸ்கர் அகாதமியே 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டைக் கலைக்குத் தனி விருது தர முடிவு செய்திருக்கிறது. இந்த நேரத்தில் சிலம்பம் கற்ற நம் பெண்கள், முறையான பயிற்சியோடும் பாதுகாப்போடும் காப்பீட்டோடும் அந்தத் தொழிலுக்குள் வர வேண்டும். ஃபைட் மாஸ்டர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஒரு நடிகை இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டு ஒரு படம் செய்துவிடலாம். இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று வரிசை நீள, பின்னால் ஒரு கூட்டமே தேர்ச்சியோடு நிற்க வேண்டும். ஹாங்காங்கில் அந்தக் கூட்டம் இருந்தது. அதனால்தான் ஒருவர் விலகியபோது இன்னொருவர் வர முடிந்தது.

இந்த அவையில் நாளை கதை எழுதப் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் நாயகிக்கு முதல் படத்திலேயே ஒரு தொழில் கொடுங்கள். அவள் ஆவடியில் காவலர் பயிற்சி தருபவளாக இருக்கட்டும். சிலம்பாட்ட ஆசானாக இருக்கட்டும். இரவு ஷிப்டு பஸ்ஸில் பெண்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் ஓட்டுநராக இருக்கட்டும். அவளுக்கு ஒரு குரு, ஒரு சிஷ்யை, தீராத ஒரு பகை கொடுங்கள். முதல் படத்தில் ஒரு சண்டையிலாவது அவள் தோற்கட்டும். அடுத்த படத்தில் திருத்திக்கொள்ள அது வேண்டும். அவளுக்கு வயதாகட்டும். கல்யாணமும் குழந்தையும் வந்தால் வரட்டும். அதற்காகக் கம்பைப் பரணில் போட வைக்காதீர்கள்.

பார்வையாளர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பெண்ணின் தலை குனியும் காட்சிக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம். அவள் ஜெயிக்கும் படத்தை முதல் வாரமே குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். தயாரிப்பாளருக்குப் புரியும் மொழி அதுதான். அல்லியின் நாட்டை அல்லியே ஆளும் இரண்டாம் பாகத்தை நாம் இன்னும் எழுதவில்லை. எழுதக் கை இருக்கிறது, ஆட உடம்பு இருக்கிறது, எடுக்க இடம் இருக்கிறது, பார்க்க நாம் இருக்கிறோம். எழுதுங்கள்.